ஹெலி (ஹெலிகொப்டர்) தெரியும் முன்பே அதன் சத்தம் எப்படிக் கேட்டது?

போர்க்காலத்தில் இலங்கையின் வன்னியில் சின்னப் பிள்ளைகள்கூட மரத்துக்கு மேலே ஒன்றும் தெரியாதபோதே "ஹெலி வருது" என்று பங்கருக்கு (பதுங்குகுழிக்கு) ஓடுவார்கள். அது எப்படி என்பதுதான் கேள்வி.

ஹெலியின் தலைக்கு மேல் சுழலும் தகடுகள் காற்றை அறைகின்றன. ஒவ்வொரு தகடும் முன்னால் போன தகடு கலக்கிவிட்ட காற்றுச் சுழிப்பில் போய் மோதும். அதுதான் அந்தத் 'தட தட'. அது கனத்த, தாழ்ந்த ஒலி. கீச்சொலியைக் காற்றும் காட்டு மரங்களும் குடித்துவிடும். கனத்த ஒலியை அவ்வளவாகக் குடிக்காது. முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகிறவர்களுக்கு முதலில் கேட்பது மேளம், நாதஸ்வரம் அப்புறம்தான். அதே கதைதான்.

எந்த ஹெலி என்றும் காது சொல்லும். பெல் 212க்கு இரண்டே தகடுகள். நொடிக்குச் சுமார் 11 தடவை காற்றை அறையும், 'டப் டப்' என்று பிரிந்து கேட்கும். 1995இல் இலங்கை விமானப்படைக்கு வந்த எம்.ஐ.24க்கு ஐந்து தகடுகள். நொடிக்குச் சுமார் 20 தடவை அறையும், ஒரே உறுமலாக இருக்கும். கிபிர் போர் ஜெட் இப்படி அவகாசம் தராது. ஒலியின் வேகத்தை ஒட்டிப் பறப்பதால் சத்தம் கேட்கும்போது விமானமும் தலைக்கு மேல்தான்.

பலர் ஹெலியின் 'தட தட'வை எஞ்சின் சத்தம் என்றே நினைக்கிறார்கள்; எஞ்சினின் கீச்சொலி ஹெலி கிட்ட வந்த பிறகுதான் கேட்கும், தூரத்தில் கேட்பது தகடுகள்.