"சுடச் சொன்னா என்ன செய்யறது, ஆத்தா?"

கேள்வி: என் மகன் ராணுவத்தில், எல்லையில் இருக்கிறான். போன வாரம் போனில், "கையில ஆயுதம் இல்லாதவனச் சுடச் சொன்னா என்ன செய்யறது, ஆத்தா?" என்று கேட்டான். "அதிகாரி சொல்றபடி நட, வம்பை விலைக்கு வாங்காதே" என்றேன். அதிலிருந்து தூக்கமில்லை. நான் சொன்னது சரியா?
– ஒரு தாய், தேவகோட்டை

பதில்: பாதி சரி, ஆச்சி.

போர்முனையில் ஆளாளுக்கு உத்தரவை எடைபோட்டால் பக்கத்தில் நிற்கிறவன் உயிர் போகும். பயந்து மீறுகிறவனுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ராணுவச் சட்டம் 41ஆம் பிரிவு, களத்தில் கீழ்ப்படியாதவனுக்கு 14 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் மீறக்கூடாது என்று அது சொல்வது சட்டப்படியான உத்தரவை மட்டும்தான். சரணடைந்தவனையோ, சண்டைக்கு வராத ஊர்க்காரனையோ கொல்லச் சொல்வது அதில் சேராது. கொன்றுவிட்டு "மேலே சொன்னார்கள்" என்றாலும் தப்ப முடியாது. 1968இல் வியட்நாமின் மை லாய் கிராமத்தில் கொன்று குவித்த அமெரிக்க லெப்டினன்ட் கேலி அதைத்தான் சொன்னார். ராணுவ நீதிமன்றம் ஏற்கவில்லை. அன்றைக்கு அங்கேயே ஹெலிகாப்டரை இறக்கி, ஊராருக்கும் தன் படைக்கும் நடுவே நின்ற அமெரிக்க விமானி ஹியூ தாம்சனுக்கு சோல்ஜர்ஸ் மெடல் என்ற வீரப் பதக்கம் கிடைத்தது 1998இல். முப்பது வருஷம்!

நம்மவர் ஒருவரும் உண்டு. 1930 ஏப்ரல் 23, பெஷாவரில் நிராயுதபாணிகளைச் சுட மறுத்த கார்வால் படையின் ஹவில்தார் சந்திர சிங். ஆயுள் தண்டனை, 1941இல்தான் வெளியே வந்தார். தண்டித்தது வெள்ளைக்காரன் என்பதால் இன்று கொண்டாடுகிறோம். நம் அரசே தண்டித்திருந்தால் சொந்தபந்தம் என்ன பேசியிருக்கும்?

உங்கள் மகன் கேட்டதும் அதுதான் என்று நினைக்கிறேன். சட்டம் தெரிய அவன் உங்களுக்கு போன் போடவில்லை. வேலையும் பென்ஷனும் போய், பெட்டியோடு காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினால் வீட்டில் சேர்ப்பீர்களா என்று கேட்டிருக்கிறான். பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் குத்திக் கேட்பார்கள், பெண் கொடுக்க யோசிப்பார்கள். அதற்கு நீங்கள் தயாரா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தயார் என்றால் இப்படிச் சொல்லுங்கள்: "சந்தேகமா இருந்தா உத்தரவைத் திருப்பிக் கேளு. அநியாயம்னு கண்ணுக்கு முன்னால தெரிஞ்சா சுடாதே. வர்றதைச் சேர்ந்து பாத்துக்குவோம்." கோர்ட் மார்ஷல் என்றாலும் வக்கீல் வைக்கலாம், மேல்முறையீட்டுக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

ஆனால் எந்த இடம், யார் என்ன உத்தரவு போட்டார்கள் என்று போனில் துருவாதீர்கள். அதைச் சொன்னால் அவன்மேல் வேறு வழக்கு வரும்.