எத்தனையாவதாக இறங்குகிறாள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நீங்கள் கிரிக்கெட் பற்றி எப்போதாவதுதான் எழுதுகிறீர்கள் என்பதால் தயங்கித்தான் இதை எழுதுகிறேன். என் மகளுக்குப் பதினான்கு வயது. நான்கு வருடமாகப் பயிற்சிக்குப் போகிறாள். இடது கை பேட்டிங், வலது கை ஆஃப் ஸ்பின். இரண்டும் சுமாருக்கு மேல் வரும். போன மாதம் அவளுடைய கோச் என்னைக் கூப்பிட்டு, “ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு இருந்தா இவ எங்கயும் போக மாட்டா சார். பேட்டிங்கா பௌலிங்கா, ஏதாவது ஒண்ண முடிவு பண்ணச் சொல்லுங்க” என்றார். மகளோ இந்தியப் பெண்கள் அணியின் தீப்தி சர்மாவின் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்துக்கொண்டு, இரண்டையும் விடமாட்டேன் என்கிறாள்.

எனக்கு ஒரு சந்தேகம். தீப்தியைப் பல வருடமாகப் பார்க்கிறேன். பேட்டிங்கில் அதே அணியின் ஸ்மிருதியின் அழகு இல்லை, ஹர்மன்பிரீத்தின் அடியும் இல்லை. பந்தும் பெரிதாகச் சுழல்வதில்லை. ஆனால் 2025 உலகக்கோப்பையில் அவர்தான் தொடர் நாயகி. பேட்டிங், பௌலிங் இரண்டும் செய்கிறவரை ஆல்ரவுண்டர் என்கிறார்களே, அது எதிலும் முழுசாகத் தேறாதவர்களுக்கு நாம் கொடுக்கும் மரியாதையான பெயர்தானா? இதை நம்பி ஒரு பெண் பிழைக்க முடியுமா?

எஸ்., ஈரோடு

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோச் சொன்னதை உடனே தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கல்லூரியில் நான் அவர் பயப்படுகிற ரகம். ரெண்டும் வரும் என்று சொல்லித்தான் அணியில் இடம் பிடித்தேன். எட்டாவதாக இறக்குவார்கள், இரண்டு ஓவர் கொடுப்பார்கள். அதில் பதினெட்டு ரன் போய்விட்டால் மூன்றாவது ஓவர் கிடையாது. மூன்று வருடத்தில் நான் மைதானத்துக்குள் அதிகம் கொண்டுபோனது தண்ணீர்தான்.

ஆனால் அவர் கேட்கிற கேள்வியைத் தீப்தியிடம் யாராவது பத்து வருடம் முன்பு கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2017 மே 15, தென்னாப்பிரிக்காவின் போட்செஃப்ஸ்ட்ரூம். அயர்லாந்துக்கு எதிராகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 188 ரன் அடித்தார். பூனம் ராவத்தோடு முதல் விக்கெட்டுக்கு 320 ரன். அப்போது தீப்திக்கு 19 வயது. அன்றைக்கு உங்கள் கோச் அங்கே இருந்திருந்தால், “இந்தப் பொண்ணு பேட்டர், பந்தைப் பிடுங்கி வைங்க” என்றுதான் சொல்லியிருப்பார். நானும் தலையாட்டியிருப்பேன்.

அதே ஆண்டு ஜூலை 23, லார்ட்ஸில் உலகக்கோப்பை இறுதி ஆட்டம். 229 அடித்தால் கோப்பை. இரண்டு மாதம் முன்பு 188 அடித்த அதே பெண் எத்தனையாவதாக இறங்கினார் தெரியுமா? ஏழாவதாக. மூன்று விக்கெட்டுக்கு 191 ரன் என்றிருந்த அணி சரிந்துகொண்டிருந்தது. தீப்தி 14 ரன் எடுத்து இங்கிலாந்தின் ஷ்ரப்சோலின் பந்தில் ஆட்டமிழந்தார். ஒன்பது ரன்னில் தோற்றோம்.

ஆல்ரவுண்டர் என்ற வேலையின் கஷ்டம் எனக்குத் தொடக்கம், ஏழாவது என்ற இந்த இரண்டு இடங்களில்தான் பிடிபட்டது. முழுநேர பேட்டருக்குத் தன் இடம் தெரியும். ஸ்மிருதி கால்காப்பைக் கட்டும்போதே முதல் பந்திலிருந்தே களத்தில் இருப்போம் என்று தெரிந்து கட்டுகிறார். தீப்திக்கு அந்த நிச்சயம் கிடையாது. ஒருநாள் தொடக்கம், இன்னொரு நாள் மூன்று, அப்புறம் ஐந்து, ஆறு, ஏழு. மேலே உள்ளவர்கள் நன்றாக ஆடினால் இவருக்குக் கிடைப்பது கடைசி ஆறு ஓவர். சரிந்தால் முப்பது ஓவர் நிற்க வேண்டும். பந்துவீச்சு இருப்பதால் அணியில் இடம் போகாது, சரி. அந்தக் காரணத்தாலேயே பேட்டிங் வரிசையில் அவரை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்றும் ஆகிவிடுகிறது. கூட்டுக் குடும்பத்தில் எல்லா வேலையும் தெரிந்த மருமகளுக்குத் தனி அறை கிடைக்காது, பார்த்திருப்பீர்கள்.

அவருடைய பேட்டிங் மெதுவாக இருக்கிறது என்கிறீர்கள். பலமுறை எனக்கும் அந்த எரிச்சல் வந்திருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் எந்த வேகத்தில் ஆட வேண்டும் என்பதே ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறுகிற ஒருவரை அந்த ஒரு அளவுகோலால் மட்டும் அளக்க முடியவில்லை.

பந்து சுழல்வதில்லை என்பதும் பாதி உண்மை. அவர் ஆரம்பத்தில் மிதவேகப் பந்து வீசியவர். பிறகுதான் ஆஃப் ஸ்பின்னுக்கு மாறினார். அந்தப் பழைய பழக்கமோ என்னவோ, பந்தை ஸ்டம்பை நோக்கியே போடுகிறார். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார். நேராகப் போகும் பந்தை நடுவே நுழைக்கிறார். பார்க்கக் கவர்ச்சி இல்லை. அடிக்கப் போனால்தான் சங்கடம் தெரியும். 2023 டிசம்பரில் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் முதலில் 67 ரன், பிறகு 7 ரன் கொடுத்து 5 விக்கெட், இரண்டாவது இன்னிங்ஸில் இன்னும் 4. இந்தியா 347 ரன்னில் வென்றது. சுழலாத பந்துக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

அவருடைய முதல் முத்திரை பேட்டிலும் இல்லை, பந்துவீச்சிலும் இல்லை. ஆக்ராவில் அண்ணன் சுமித்தின் பயிற்சியை வேடிக்கை பார்க்கப் போன சிறுமி அவர். தன்னிடம் உருண்டு வந்த பந்தைத் தூரத்திலிருந்து திருப்பி எறிந்தபோது அது நேராக ஸ்டம்பில் பட்டது. அதைப் பார்த்தவர் முன்னாள் இந்திய ஆட்டக்காரர் ஹேமலதா காலா. அப்புறம்தான் எல்லாம். அண்ணன் பிறகு வேலையை விட்டுவிட்டுத் தங்கைக்குப் பயிற்சி கொடுத்தார். உங்கள் கடிதத்தில் மகளின் ஃபீல்டிங் பற்றி ஒரு வரிகூட இல்லை, கவனித்தேன்.

இப்போது லார்ட்ஸுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் தீப்தியைப் பற்றி யாரிடம் பேசினாலும் அங்கேதான் வந்து நிற்கிறார்கள். 2022 செப்டம்பர் 24, இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமியின் கடைசி சர்வதேச ஆட்டம். இங்கிலாந்துக்கு ஒரே ஒரு விக்கெட் மிச்சம், 17 ரன் தேவை. பந்து வீசப்படும் முன்பே கோட்டைத் தாண்டிய சார்லி டீனை, பந்துவீச வந்த தீப்தி மறுமுனையில் ரன் அவுட் செய்தார். டீன் 47 ரன்னோடு அழுதுகொண்டே வெளியேறினார். உலகமே நாலு நாள் தர்மம், நியாயம் என்று பேசியது. விதிப்படி அது அவுட். அடுத்த சில நாட்களில், அக்டோபர் 1 முதல், அந்த விதியை ‘நேர்மையற்ற ஆட்டம்’ என்ற தலைப்பிலிருந்து எடுத்து ‘ரன் அவுட்’ என்ற தலைப்புக்கே மாற்றியும் விட்டார்கள். கோட்டுக்குள் நிற்பது பேட்டரின் கடமை என்பது என் கட்சி. அதில் எனக்கு ஊசலாட்டம் இல்லை.

ஆனால் என் ஆதங்கம் வேறொன்று. அன்றைக்கு இந்தியா எடுத்ததே 169. அதில் ஆட்டமிழக்காமல் 68 அடித்தது தீப்தி. அந்த 68 இல்லாவிட்டால் கடைசி விக்கெட், கோடு, கண்ணீர் எதற்குமே வாய்ப்பில்லை. ஆட்டம் எப்போதோ முடிந்திருக்கும். எனக்குத் தெரிந்த கிரிக்கெட் பைத்தியங்கள் ஐந்தாறு பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ரன் அவுட் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, 68 ஒருவருக்கும் இல்லை.

அதே 2022இல், மார்ச் மாதம், கிறைஸ்ட்சர்ச்சில் அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக உலகக்கோப்பையின் கடைசி லீக் ஆட்டம். கடைசி ஓவரில் 7 ரன் தேவை, பந்து தீப்தியிடம். ஐந்தாவது பந்தில் டு பிரீஸ் தூக்கி அடித்து கேட்ச் ஆனார். இந்தியர்கள் குதித்தார்கள். நோ-பால் என்றது சைரன். தீப்தியின் கால் கோட்டைத் தாண்டியிருந்தது. கடைசிப் பந்தில் தென்னாப்பிரிக்கா வென்றது, இந்தியா ஊர் திரும்பியது. ஆறு மாதம் கழித்து இன்னொருத்தியின் கால் கோட்டைத் தாண்டியதை அவர் அவ்வளவு கூர்மையாகக் கவனித்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று ஒரு எழுத்தாளன் கதை கட்டலாம். கட்டமாட்டேன். நினைத்துப் பார்த்தேன் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

2025 உலகக்கோப்பைக்கு வருவோம். நீங்கள் இறுதி ஆட்டத்தை மட்டும் பார்த்தீர்களோ என்று சந்தேகம். அக்டோபர் 19, இந்தூரில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டம். தீப்தி 4 விக்கெட் எடுத்தார், பிறகு சரியாக 50 அடித்தார். ஜெயிக்க வேண்டிய நேரத்தில் அவுட் ஆனார். 4 ரன்னில் தோற்றோம். அன்று இரவு திட்டு வாங்கியவர்களில் தீப்தியும் உண்டு. ஒரே வேலை செய்பவர் அதில் தவறினால் ஒரு திட்டு. இரண்டு வேலையையும் செய்துவிட்டு, இரண்டாவதை முடிக்காமல் விட்டால் முதல் வேலை செய்யாத கணக்குத்தான்.

நவம்பர் 2, டி.ஒய். பாட்டீலில் இறுதி ஆட்டம், மறுபடி தென்னாப்பிரிக்கா. இந்த முறை ஐந்தாவதாக இறங்கினார். 58 பந்தில் 58, கடைசியில் ரன் அவுட். இந்தியா 298. பந்துவீச்சில் 39 ரன் கொடுத்து 5 விக்கெட். சதம் அடித்து மிரட்டிக்கொண்டிருந்த வோல்வார்ட்டின் விக்கெட்டும் அவருக்குத்தான். அமன்ஜோத் பந்தைத் தட்டித் தடுமாறிப் பிடித்தது நினைவிருக்கும். கடைசி விக்கெட்டும் அவருடையதே. 52 ரன்னில் வெற்றி. தொடர் முழுவதும் 215 ரன், 22 விக்கெட். அந்த உலகக்கோப்பையில் வேறு யாரும் அத்தனை விக்கெட் எடுக்கவில்லை. அன்றைய ஆட்டநாயகி விருது ஷஃபாலிக்குப் போனது: 87 ரன், கூடவே இரண்டு விக்கெட். காயமடைந்த பிரதிகா ராவலுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்த ஷஃபாலியிடம் கேப்டன் ஹர்மன்பிரீத் ஏதோ தோன்றிப் பந்தைக் கொடுத்தார். ஒரு பேட்டர் ஒருநாள் பந்தெடுத்து இரண்டு விக்கெட் சாய்த்தால் அது அதிசயம். தீப்திக்கு அது தினக்கூலி.

பிழைப்பு பற்றிக் கேட்டீர்கள். உச்சியில் நிறையவே இருக்கிறது. பெண்கள் பிரீமியர் லீகில் யுபி வாரியர்ஸ் அவரை 2023இல் 2.6 கோடிக்கு எடுத்தது, 2025 நவம்பர் ஏலத்தில் 3.2 கோடிக்குத் திரும்ப வாங்கியது. சர்வதேச ஆட்டக் கட்டணம் 2022 அக்டோபர் முதல் ஆண்களுக்குச் சமம்: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6, டி20க்கு 3. ஆண்டு ஒப்பந்தத்தில் சமம் என்ற பேச்சே இல்லை. 2024-25இல் அவர் இருந்த ஏ பிரிவுக்கு 50 லட்சம், ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி. லீகில் ஐந்து அணிகள், அணிக்குப் பதினெட்டுப் பேர் வரை, அதில் ஆறு பேர் வெளிநாட்டவர் என்று போட்டுப் பாருங்கள். இந்தியா முழுக்க சுமார் அறுபது பெண்களுக்குத்தான் இடம். நம் தமிழ்நாட்டுக் கமலினியை 16 வயதில் மும்பை இந்தியன்ஸ் 1.6 கோடிக்கு எடுத்த செய்தியை உங்கள் மகளிடம் காட்டியிருப்பீர்கள். இந்த அறுபதையும் காட்டுங்கள். பள்ளிப் படிப்பை நிறுத்த வேண்டாம்.

சரி, கோச்சுக்கு என்ன பதில் சொல்வது? பதினான்கு வயதில் எதையும் விடச் சொல்லாதீர்கள். வளர்த்தி நிற்கவில்லை, உடம்பு மாறும், தீப்திக்கு மாறிய மாதிரி பந்துவீச்சே மாறலாம். ஆனால் கோச்சின் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டையும் செய்கிற பிள்ளைக்கு வலைப்பயிற்சியில் இரண்டு மடங்கு நேரம் வேண்டும். பல இடங்களில் நடப்பது நேர்மாறு: பேட்டர்கள் ஆடும்போது பந்து போடச் சொல்வார்கள், இவள் முறை வரும்போது வெளிச்சம் போயிருக்கும். என் கல்லூரியில் எனக்கு நடந்தது அதுதான். இன்றைக்கும் அதை நினைத்தால் கொஞ்சம் எரிகிறது.

உங்கள் மகள் எத்தனையாவதாக இறங்குகிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. கடைசிப் பத்து ஆட்டத்தில் எந்தெந்த எண்ணில் இறக்கினார்கள், எத்தனை ஓவர் கொடுத்தார்கள் என்று அவளிடமே கேட்டு எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே பேசலாம்.