மூன்று மணித்தியாலத்தைக் குறித்து வைத்தவர் யார்?

அன்புள்ள தங்கச்சி,

நீங்களும் மகளும் வந்துவிட்டுப் போய் இரண்டு நாளாகிறது. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டீர்களே, "சேர், தாய் பிள்ளை ஆராய்ச்சி எண்டு ஒரே பிடியா நிக்கிறாள். அதில சோறு இருக்கோ?" என்று. மகளுக்குக் கேட்கக்கூடாதென்று குரலைத் தாழ்த்தினீர்கள். அவளுக்கு வடிவாகக் கேட்டது. ஆகவே இந்தப் பதிலை இரண்டு பேரும் வாசிக்கக்கூடியதாக எழுதுகிறேன்.

உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் மூன்று பாடத்திலும் நல்ல பெறுபேறு எடுத்தும் மருத்துவபீட வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டாள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தரவரிசைக்கும், 55 வீதம் மாவட்டத்துக்கும், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் போட்டி எப்படி என்று ரியூசன் வகுப்புகளுக்கு முன்னால் நிற்கும் சைக்கிள்களைப் பார்த்தாலே தெரியும். இன்னொரு தரம் எழுதலாம், சட்டம் இடம் தருகிறது. ஆனால் அவள் எழுத விரும்புகிறாளா, நீங்கள் விரும்புகிறீர்களா என்பதை வீட்டில் பேசித் தீருங்கள். ஒரு பிள்ளையை நான் மூன்றாம் தரமும் எழுதச் சொல்லிவிட்டு, பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் புள்ளிவிபரவியல்தான் விருப்பமாக இருந்தது. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். ஆராய்ச்சி என்றதும் உங்கள் கண்ணுக்குள் வெள்ளைக் கோட்டும் நுணுக்குக்காட்டியும்தான் வருகிறது. தாய்-சேய் நலத்தில் நிறைய ஆராய்ச்சி அப்படி நடப்பதில்லை. கொப்பியிலும் மணிக்கூட்டிலும் நிறைத் தராசிலும்தான் நடக்கிறது.

ஒரு உதாரணம். பிள்ளை பிறந்தபின் தாய்க்கு ஏற்படும் குருதிப்பெருக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகத்தில் தாய்மார் இறப்பதற்கு முதன்மையான காரணங்களில் அது ஒன்று. டிரனெக்ஸாமிக் அமிலம் என்ற விலை குறைந்த மருந்து அதில் உதவுமா என்று பார்க்க, 21 நாடுகளில் 193 வைத்தியசாலைகளில் 20,060 பெண்களைச் சேர்த்து ஒரு பரிசோதனை நடந்தது. 2017இல் முடிவு வந்தது. மருந்து குருதிப்பெருக்கால் வரும் மரணங்களைக் குறைத்தது. பிள்ளை பிறந்து மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தவர்களுக்கு நன்மை இன்னும் கூட. அதற்குப் பிறகு கொடுத்தால் பலன் தெரியவில்லை.

இந்த "மூன்று மணித்தியாலம்" எங்கிருந்து வந்தது? பிரசவ அறையில், இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்து பிள்ளை பிறந்த நேரத்தையும் ஊசி போட்ட நேரத்தையும் சரியாகக் குறித்திருக்கிறார். இருபதாயிரம் தரம் இது நடந்திருக்கிறது. குறித்தவர்கள் எல்லோரும் பேராசிரியர்களா? இல்லை. தாதியரும் மருத்துவமாதரும் ஆராய்ச்சி உதவியாளர்களும்தான் பெரும்பாலும் குறித்திருப்பார்கள். ஒருவர் "பத்து மணி போல" என்று அண்ணளவாக எழுதியிருந்தால் அந்தப் பெண்ணின் கணக்கு பிழைத்திருக்கும்.

இன்னொன்று. கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறி வலிப்பு வருவது. பேதிக்குக் குடிக்கிற உப்பு இருக்கிறதே, மக்னீசியம் சல்பேற்று, அதை ஊசியாக அந்த வலிப்புக்குப் போடுவது சில நாடுகளில் பழைய வழக்கம். வேறு சில நாடுகளின் பெரிய வைத்தியர்கள் அதை நம்பவேயில்லை, வலிப்புக்கான மற்ற மருந்துகளைத்தான் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள்தான். 1995இல் ஒரு பரிசோதனையில் இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தபோது உப்பு வென்றது. 2002இல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களோடு நடந்த பரிசோதனை, வலிப்பு வருமுன்னரே கொடுத்தால் அந்த ஆபத்து பாதிக்குமேல் குறைகிறது என்று காட்டியது. எத்தனை வருட வாக்குவாதம், எண்ணிப் பார்த்ததும் அடங்கியது! மகளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவள் கண் விரிந்ததை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள், நீங்கள் போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

மருந்து பற்றிய கேள்வி ஒரு வகை. எது ஆபத்தைக் கூட்டுகிறது என்ற கேள்வி வேறு வகை, அது கடினமும் கூட. வீட்டில் அம்மம்மா பப்பாசிப்பழம் கர்ப்பிணிக்குக் கூடாது என்பார். காய்ப் பப்பாசியின் பால் எலிகளின் கருப்பையைச் சுருங்க வைக்கிறது, பழுத்த பழத்தின் சாறு அப்படிச் செய்யவில்லை என்று ஒரு ஆய்வு சொன்னது. ஆனால் எலி எலிதான். மனிதரில் எப்படிப் பார்ப்பீர்கள்? கருச்சிதைவு வந்த ஒரு பெண்ணிடம் போய் "பப்பாசி சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால், அவள் மாதக்கணக்காகத் தன்னையே குற்றம் சொல்லி யோசித்தவள், ஒரு துண்டு தின்றதும் ஞாபகம் இருக்கும். சுகமாகப் பெற்றெடுத்தவளுக்கு ஒரு முழுப் பழம் தின்றதும் மறந்துபோயிருக்கும். இருவர் சொல்வதையும் ஒப்பிட்டுப் பப்பாசியைக் குற்றவாளி ஆக்கினால், பிழை பப்பாசியில் அல்ல, கேட்ட விதத்தில். இதனால்தான் நல்ல ஆய்வுகள் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே தாய்மாரைச் சேர்த்து, முடிவு தெரியுமுன்னரே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு பின்தொடருகின்றன. ரஜரட்டைப் பல்கலைக்கழகம் 2019இல் அநுராதபுர மாவட்டத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளோடு இப்படித் தொடங்கியது. நம்முடைய நாட்டில் நடக்காத வேலை அல்ல இது.

சலரோகத்தையும் பாருங்கள். கர்ப்பிணிக்குக் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து இரத்தம் எடுப்பார்களே, எந்த எண்ணுக்கு மேலே போனால் ஆபத்து என்று நெடுங்காலமாக வழக்கு இருந்தது. ஒன்பது நாடுகளில் 25,000க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. சீனி கூடக் கூடப் பிள்ளையின் நிறையும் சிசேரியனும் படிப்படியாகக் கூடுகின்றன. இந்த இடத்தில் ஆபத்து தொடங்குகிறது என்று காட்டும் ஒரு தெளிவான கோடு கிடைக்கவில்லை. இந்த முடிவுதான் பிறகு வந்த எல்லை எண்களுக்கு அடிப்படை.

இப்போது உங்கள் சோற்றுக் கேள்விக்கு.

ஆராய்ச்சியை மட்டும் தொழிலாக எடுத்துப் போவது நம் ஊரில் நிலையில்லாத பாதை. ஆராய்ச்சி உதவியாளர் வேலைகள் பெரும்பாலும் ஒரு திட்டத்தோடு தொடங்கி அதனோடே முடிபவை. ஆகவே முதலில் கையில் ஒரு தொழில், அதுவும் தாயும் பிள்ளையும் வந்துபோகிற இடத்தில் உள்ள தொழில். ஆராய்ச்சியை அதன்மேல் கட்டலாம். பட்டினி கிடந்துகொண்டு எந்தக் கேள்வியையும் பத்து வருடம் துரத்த முடியாது.

யாழ். பல்கலைக்கழகத்திலேயே தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் மூன்றுக்கும் பட்டப்படிப்பு இருக்கிறது. மூன்றும் உயிரியல் பிள்ளைகளுக்கானவை. என் தெரிவு தாதியியல். "நேர்ஸோ?" என்று உங்கள் முகம் சுருங்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. பொறுங்கள். பிரசவ விடுதியில் இரவு இரண்டு மணிக்கு நிற்பவர் தாதி. எந்தப் படிவம் அரைகுறையாக நிரப்பப்படுகிறது, எந்த அளவு எடுக்காமலே எழுதப்படுகிறது என்பது அவருக்குத் தெரியும். அந்த அனுபவத்தோடு முதுமாணிப் பட்டத்துக்குப் போகிறவர், வெறும் புத்தகத்தோடு போகிறவரைவிட நல்ல கேள்வி கேட்பார். பட்டத்தில் ஓர் ஆய்வும் செய்துதான் முடிக்க வேண்டும்; அதைச் சடங்காக முடிப்பதா, முதல் படியாக எடுப்பதா என்பது அவள் கையில். பிறகு பொதுச் சுகாதாரத்தில் முதுமாணி செய்யலாம். இங்கிலாந்துக்குப் போவதென்றால் பொதுநலவாயப் புலமைப்பரிசில் போன்றவை உண்டு.

தாய்-சேய் வேலையின் உண்மையான முதுகெலும்பு குடும்பநல உத்தியோகத்தர்கள், அதாவது வீடு தேடி வரும் அரச மருத்துவமாதர்கள். உங்கள் ஒழுங்கைக்கு ஸ்கூட்டியில் வந்துபோகிற மிஸ் தான். இலங்கையில் தாய் மரணம் அயல்நாடுகளைவிடக் குறைவாக இருப்பதற்கு வீடு வீடாகப் போன இந்தக் கால்கள் ஒரு பெரிய காரணம். ஒரு தாய் இறந்தால் அதை ஒவ்வொன்றாக எடுத்து, ஏன் இறந்தாள், எங்கே தாமதம் என்று ஆராயும் ஒழுங்கும் இங்கே இருக்கிறது. அதுவும் ஆராய்ச்சிதான், பெயர் மட்டும் வேறு.

மகளின் தம்பி கணிதப்பிரிவு என்றீர்கள். அவனையும் கொஞ்சம் கவனியுங்கள். எண்களைச் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் எப்போதும் தட்டுப்பாடு.

ஒரு விஷயத்தில் மட்டும் கடுமையாகச் சொல்கிறேன். நீங்கள் கொண்டுவந்த அந்த மினுங்கல் கடதாசியை நான் வாசித்தேன். வெளிநாட்டுப் பட்டம், மூன்று வருடம், "சுகாதார ஆராய்ச்சியில் உறுதியான வேலை", காணியை ஈடு வைத்தால் காணும் தொகை. என்ன வேலை, எந்த நாட்டில், எந்தப் பதிவுச் சபை ஏற்கும் என்று நான் தொலைபேசியில் கேட்டேன். மறுமுனையில் இருந்த பிள்ளை "மேனேஜரிட்டக் கேட்டுச் சொல்றன்" என்று வைத்துவிட்டது. இன்னும் அழைப்பு வரவில்லை. காணி காணியாகவே இருக்கட்டும்.

மகளுக்கு ஒரு பலம் இருக்கிறது, அதை நீங்கள் இருவரும் கவனிக்கவில்லை. அவளுக்கு ஊர்த் தமிழ் காது இருக்கிறது. பிள்ளை பெற்ற தாய்மாரின் மனநிலையை அளக்க எடின்பரோவில் 1987இல் பத்துக் கேள்வி கொண்ட ஒரு பட்டியல் செய்தார்கள், உலகமெங்கும் பயன்படுகிறது. தமிழிலும் உண்டு. ஆனால் நம் பக்கத்துத் தாயிடம் "மனச்சோர்வு இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்பாள். "யோசனை கூடவோ?" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணீர் வரும். நமக்கு "யோசனை" என்றால் சிந்தனை மட்டுமல்ல, நித்திரை கொள்ளவிடாத கவலையும்தான். இதை வெளியூரில் இருந்து வினாக்கொத்து அனுப்புகிறவர் அறியமாட்டார். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, பிரசவ வைத்திய நூலையும் தமிழாக்கினார். அந்தத் தேவை இன்னும் முடியவில்லை.

அதனால் அவளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன், இது சோதனையும்தான். அம்மம்மா, பெரியம்மா, நீங்கள், இன்னும் உறவில் இரண்டு பெண்கள், ஐந்து பேரிடமும் ஒவ்வொரு பிரசவத்தைப் பற்றியும் கேட்டு எழுதட்டும். பிள்ளையின் நிறை, எத்தனையாம் மாதம், எங்கே பிறந்தது, தாய்க்கு பிரஷர், சீனி இருந்ததா. அம்மம்மாவுக்குத் திகதி வராது. "நல்லூர்க் கொடியேறி ரெண்டாம் நாள்", "இடப்பெயர்வுக்கு முந்தின மாரி" என்றுதான் வரும். யுத்தத்தில் யாழ்ப்பாணமே வெளியேறிய 95 இடப்பெயர்வு ஒக்டோபர் கடைசியில் தொடங்கியது. அதை வைத்துக் கணக்குப் போடட்டும். திகதி இல்லாத ஊர்களில் ஆராய்ச்சியாளர்கள் உண்மையிலேயே இப்படி நிகழ்வு நாட்காட்டி செய்துதான் வயதைக் கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் கிளினிக் கொப்பி அலுமாரியில் இருந்தால் எடுத்துக் கொடுங்கள். ஆனால் முதலில் நீங்கள் ஞாபகத்தில் இருந்து சொல்லுங்கள், பிறகு கொப்பியைத் திறக்கட்டும். இரண்டும் எவ்வளவு வேறுபடுகிறது என்று அவள் கண்டால் போதும்.

ஒன்று கவனம். இறந்து பிறந்த பிள்ளையைப் பற்றி யாராவது சொல்ல நேரலாம். பல குடும்பங்களில் அப்படி ஒன்று இருக்கும், பேசமாட்டார்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, "சொல்லவில்லை" என்று எழுதட்டும். நோண்டிக் கேட்கக்கூடாது. மருத்துவபீடங்களில் ஆய்வு தொடங்குமுன் ஒழுக்கவியல் குழு பார்ப்பதும் முதலில் இதைத்தான்.

எழுதி முடித்து அவளுக்கு அலுப்புத் தட்டினால் நாங்கள் வேறு துறை பேசுவோம், கோபமில்லை. ஆறாவது ஆளைத் தேடிப் போனாளென்றால் தாதியியல் விண்ணப்பத்தை எடுத்து வைப்போம்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு அவளைத் தனியாக அனுப்புங்கள், கொப்பியோடு. நீங்கள் பதினொன்றுக்கு வாருங்கள், தேத்தண்ணி போட்டு வைக்கிறேன். பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.