கிறிஸ்துமஸ் வருகிறது, மனசுக்குள் எதுவும் வரவில்லை

கேள்வி: எனக்கு 36 வயது. திருமணம் ஆகவில்லை. வேலைக்காக வேறு ஊரில் தனியாக இருக்கிறேன். சின்ன வயதில் டிசம்பர் பிறந்தாலே தூக்கம் வராது. இப்போது வருடக் கடைசி வேலை, பரிசு வாங்கும் ஓட்டம், போனில் குவியும் வாழ்த்துகள் என்று மாதம் ஓடிவிடுகிறது. 25-ஆம் தேதி காலையில் எழுந்தால் மனசு வெறுமையாக இருக்கிறது. அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் வைத்திருந்த குடில் பொம்மைகள் என்னிடம்தான் இருக்கின்றன. பெட்டியை இன்னும் திறக்கவில்லை. “குழந்தைகள் இருக்கிற வீட்டில்தான் கிறிஸ்துமஸ்” என்கிறார் அண்ணன். பெரியவர்களுக்கு அந்தச் சந்தோஷம் அவ்வளவுதானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அண்ணன் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். அது உங்களைக் குத்தியிருக்கிறது என்று தெரிகிறது. அவர் வேண்டுமென்றே சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் அவர் சொன்னது சரியில்லை.

குடிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1223-இல் இத்தாலியின் கிரேச்சியோ என்ற மலைக் கிராமத்தில் தீவனத் தொட்டியில் வைக்கோல் பரப்பி, ஒரு மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, கிறிஸ்து பிறந்த இரவைக் கண்முன் கொண்டுவந்தார் அசிசியின் பிரான்சிஸ். அப்போது அவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. குடும்பம் இல்லாத துறவி. பெத்லகேமில் அந்தக் குழந்தை என்னென்ன வசதி இல்லாமல் பிறந்தது என்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட அவர் அதைச் செய்யவில்லை. ‘சைலன்ட் நைட்’ பாட்டும் அப்படித்தான். 1818 டிசம்பர் 24 அன்று ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டார்ஃப் தேவாலயத்தில் அதை முதல்முதலாகப் பாடியவர்கள் இரண்டு பேர்: 26 வயது குருவானவர் யோசப் மோர், 31 வயது பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் குரூபர். கூட ஒரு கித்தார். இந்தப் பண்டிகையில் நாம் நேசிக்கிற பல விஷயங்கள், ஆசைப்பட்ட பெரியவர்கள் உண்டாக்கியவை. அதனால் உங்கள் வயதையோ, வீட்டில் குழந்தை இல்லாததையோ மனசிலிருந்து இறக்கி வையுங்கள்.

அப்படியானால் காரணம் என்ன? எனக்கு இரண்டு தெரிகின்றன.

ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சின்ன வயதில் கிறிஸ்துமஸ் தானாக வரவில்லை. உங்கள் அம்மா அதை வரவழைத்தார். நீங்கள் தூங்கிய பிறகு பரிசுகளைச் சுற்றி வைத்தது, வெளிச்சத்துக்கு ஒயர் இழுத்தது, புது உடுப்பு 24-ஆம் தேதிக்குள் தயாராக வேண்டும் என்று கவலைப்பட்டது எல்லாம் அவர்தான். நீங்கள் அதன் நடுவில் போய் நின்றீர்கள். அந்த இடத்தில் இப்போது ஆள் இல்லை. நீங்கள் வெறுமை என்று எழுதியிருப்பதில் பெரும்பகுதி துக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது. பண்டிகை நாளில் துக்கம் கூடத்தான் செய்யும். மூன்று வருடம் ஆகிவிட்டதே, இன்னுமா என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். (டிசம்பர் மட்டுமில்லாமல் மாதக்கணக்காகத் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்றால் ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். அதைக் கிறிஸ்துமஸ் தீர்க்காது.)

இரண்டாவது காரணம் காத்திருப்பு இல்லாமல் போனது. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல நினைக்கிறேன்.

தூக்கம் வராத அந்த டிசம்பரில் நீங்கள் அனுபவித்தது பெரும்பாலும் காத்திருப்பைத்தான். வளர்ந்த பிறகு நாம் காத்திருப்பதே இல்லை. மாதம் பிறந்ததும் பாட்டு, இனிப்பு, விருந்து, அலங்காரம் எல்லாம் ஒன்றாக வந்து விழுகின்றன. 25 வருவதற்குள் அலுத்துவிடுகிறது, 26 அன்று எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறோம். திருச்சபையின் பழைய நாள்காட்டி இதற்கு நேர்மாறானது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் திருவருகைக் காலம், அதாவது காத்திருக்கும் காலம். கொண்டாட்டம் 25-ஆம் தேதிதான் தொடங்கும். ஜனவரி 6, குழந்தை இயேசுவைத் தேடி வந்த மூன்று ஞானிகளின் திருநாள் வரை நீளும்.

1839-இல் ஹாம்பர்க் அருகே ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோகான் வீகெர்ன் என்ற போதகரிடம், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் தினமும் கேட்டார்களாம். அவர் ஒரு மரச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்தார்; வாரநாளுக்குச் சிறியது, ஞாயிறுக்குப் பெரியது. தினம் ஒன்று கூடுதலாக ஏற்றப்படும். இன்றைக்குத் திருவருகைக் காலத்தில் ஏற்றுகிற நான்கு மெழுகுவர்த்தி வளையம் அதிலிருந்து வளர்ந்ததுதான். உங்கள் மேசையில் நான்கு மெழுகுவர்த்திகளை வையுங்கள். ஞாயிறு மாலை, முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு என்று ஏற்றி, போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். முதல் ஞாயிறு ஒன்றும் தோன்றாமல் போகலாம். பரவாயில்லை, அடுத்த ஞாயிறும் உட்காருங்கள்.

அப்புறம், அந்தப் பெட்டி. இந்த வருடம் திறங்கள். 24-ஆம் தேதி அவசரத்தில் வேண்டாம். டிசம்பர் தொடக்கத்திலேயே, வேலை இல்லாத ஒரு மத்தியானம். தனியாகத் திறக்கத் தயக்கமாக இருந்தால் வீடியோ அழைப்பில் அண்ணனைக் கூப்பிடுங்கள், அவருக்கும் அவர் அம்மாதானே. ஒவ்வொரு பொம்மையாகச் சுற்றிய காகிதத்தைப் பிரிக்கும்போது அழுகை வந்தால் வரட்டும். எல்லாவற்றையும் அன்றே அடுக்கிவிடாதீர்கள். முதலில் காலிக் குடிலும் ஆடுமாடுகளும் போதும். ஒரு வாரம் கழித்து மேய்ப்பர்கள், பிறகு மரியாளும் யோசேப்பும். குழந்தை இயேசுவை 24 இரவுதான் கிடத்த வேண்டும். மூன்று ஞானிகளை அறையின் இன்னொரு மூலையில், ஜன்னல் திட்டில் நிறுத்துங்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாக அலமாரி, மேசை என்று நகர்த்தி ஜனவரி 6 அன்று குடிலுக்குக் கொண்டுவாருங்கள். பல நாடுகளில் பெரியவர்களும் ஆசையாகச் செய்கிற வழக்கம் இது. பொம்மைக்குக் கை உடைந்திருந்தால் ஒட்டுங்கள், தொலைந்து போனதற்குப் புதிது வாங்குங்கள். அம்மா வைத்த மாதிரியே வைக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

பரிசு விஷயத்தில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. பட்டியலைப் பாதியாக்குங்கள், டிசம்பருக்கு முன்பே வாங்கி முடியுங்கள். போன் வாழ்த்துகளுக்கு எல்லாம் பதில் போட வேண்டியதில்லை. நேரமில்லாத பெரியவர்கள் இன்றைக்கு மட்டும் இல்லை. 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சடிக்க வைத்ததே, தனித்தனியாகக் கடிதம் எழுதி மாளவில்லை என்றுதான். நூறு பேருக்கு ஒரே படத்தை அனுப்புவதற்குப் பதில் நான்கு பேருக்கு, அவர்களைப் பற்றி மட்டும் நான்கு வரி, கையால் எழுதுங்கள். அதை எழுதும்போது அவர்கள் முகம் உங்கள் மனசில் வரும்.

கடைசியாக ஒன்று. உங்கள் அலுவலகத்திலோ குடியிருப்பிலோ அந்த நாளில் தனியாக இருக்கப்போகிற இன்னொருவர் நிச்சயம் இருப்பார். அவருக்குக் கிறிஸ்துமஸ் பழக்கம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 25 மத்தியானம் சாப்பிட வரச் சொல்லுங்கள். வீட்டை ஒதுக்குவது, தட்டு போதுமா என்று எண்ணுவது, அவருக்கு என்ன பிடிக்கும் என்று விசாரிப்பது, இவைதான் உங்கள் அம்மா அத்தனை வருடம் செய்த வேலை. அதைச் செய்கிறவர் டிசம்பரை வெறுமையாகக் கழிப்பது கஷ்டம். கடைசி வாரம் வரை தள்ளிப் போட்டால் தொந்தரவாக இருக்குமோ என்று இரண்டு பேருமே தயங்குவீர்கள். அதனால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். அவர் வர முடியாது என்றால், இன்னொருவரைக் கேட்க நேரம் இருக்கும்.