போர்ச் செய்தியைப் பலகையில் ஒட்டுவதற்கு முன்

கேள்வி: எங்கள் வாசிகசாலையில் மாலை நேரத்தில் இளைஞர்கள் கூடுகிறார்கள். பத்திரிகை விரிப்பவர்களைவிடக் கைத்தொலைபேசி பார்ப்பவர்களே அதிகம். உக்ரைன், காசா என்று எங்கோ நடக்கும் போர்களின் காணொளிகளைக் காட்டி, ஆளுக்கொரு பக்கம் நின்று சண்டை பிடிக்கிறார்கள். போன மாதம் இருவர் ஒருவரோடு ஒருவர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். சரிபார்த்த போர்ச் செய்திகளை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று நிர்வாகக் குழுவில் முடிவெடுத்திருக்கிறோம். எப்படிச் சரிபார்ப்பது? எனக்கு ஆங்கிலமும் அவ்வளவாக வராது.
— சனசமூக நிலையச் செயலாளர் ஒருவர், கோண்டாவில்

பதில்: ஆங்கிலம் வராததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கடந்த நூறு ஆண்டுகளில் பெரிய போர்ப் பொய்கள் பலவும் நல்ல ஆங்கிலத்தில்தான் சொல்லப்பட்டன; நன்றாக ஆங்கிலம் படித்தவர்கள்தான் முதலில் நம்பினார்கள்.

முதல் வேலையாகப் பலகையின் தலைப்பை மாற்றுங்கள். "சரிபார்த்த செய்தி" என்று எழுதாதீர்கள். கோண்டாவிலில் இருந்துகொண்டு கீவ் நகரில் விழுந்த குண்டை நீங்கள் சரிபார்க்க முடியாது. பத்திரிகைக் காரியாலயத்தில் இருந்த என்னாலும் முடிந்ததில்லை. ஆனால் அந்தச் செய்தியை யார் சொன்னார், எங்கே நின்று சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும் என்ற மூன்றையும் நிச்சயமாகப் பார்க்கலாம். ஆகவே "யார் சொல்கிறார்?" என்று தலைப்பிடுங்கள்.

இதற்குத் தமிழ் வாசகருக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. செய்திப் பிரிவில் முப்பது ஆண்டுகள் நான் எழுதிக் குவித்த வாக்கியங்களில் ஒன்றைப் பாருங்கள்: "நேற்று அதிகாலை நடத்தப்பட்ட தாக்குதலில் எதிரியின் பிரதான ஆயுதக் கிடங்கு முற்றாக அழிக்கப்பட்டதுடன் 40 பயங்கரவாதிகள் கொல்லப்பட்டதாக இராணுவப் பேச்சாளர் தெரிவித்தார்." நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது, அதோடு சொன்னவரும் கடைசிக்குப் போய்விடுகிறார். கிடங்கு எரிந்து, நாற்பது பேர் இறந்து, காட்சி மனத்தில் பதிந்த பிறகுதான் இது ஒரு தரப்பின் கூற்று என்று தெரியவருகிறது. தலைப்பிலோ அதுவும் இல்லை: "ஆயுதக் கிடங்கு அழிப்பு, 40 பேர் பலி". இடம் போதாது என்று பேச்சாளரை வெட்டியது நான்தான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

எனவே ஒட்டுவதற்கு முன் வாலைத் தலைக்குக் கொண்டுவாருங்கள். "இராணுவப் பேச்சாளர் சொல்கிறார்:" என்று முதல் வரியில் எழுதிவிட்டு மீதியை எழுதுங்கள். அவ்வளவுதான். செய்தியின் எடை சட்டென்று குறைவதை நீங்களே காண்பீர்கள். முதல் வரியில் எழுத ஆளே கிடைக்கவில்லை என்றால், "நம்பகமான வட்டாரங்கள்" மட்டுமே கிடைக்கின்றன என்றால், அன்றைக்கு அந்தத் துண்டு பலகைக்குப் போக வேண்டாம்.

ஆள் கிடைத்தாலும் அவர் யாருடைய ஆள் என்று கேட்க வேண்டும். 1990 ஒக்டோபர் 10 அன்று, குவைத்தை ஈராக் பிடித்த இரண்டே மாதத்தில், நயீரா என்ற பதினைந்து வயதுச் சிறுமி அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றின் முன் அழுதுகொண்டே பேசினாள். ஈராக்கியப் படையினர் மருத்துவமனைக்குள் புகுந்து, இன்குபேட்டரில் இருந்த குழந்தைகளைத் தூக்கிக் குளிர்ந்த தரையில் சாகப் போட்டார்கள் என்றாள். ஜனாதிபதி புஷ் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். 1991 ஜனவரி 12இல் போருக்கு அனுமதி கேட்ட தீர்மானம் செனட்டில் 52க்கு 47 என்று தப்பிப் பிழைத்தது. போர் முடிந்து, 1992 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது, அந்தச் சிறுமி அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்று. அந்தச் சாட்சியத்துக்குப் பின்னால் இருந்தது ஹில் அன்ட் நோல்ட்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். அதை அமர்த்தியிருந்த அமைப்புக்குக் குவைத் அரசின் பணம் வந்திருந்தது. குழந்தைகளைத் தரையில் போட்ட கதைக்கு ஆதாரம், பின்னர் தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஈராக் படை குவைத்தில் செய்த கொடுமைகள் உண்மையாகவே ஏராளம் என்பதுதான் இதில் வேதனை. உண்மை போதாமல் இருந்தது போரை விற்றவர்களுக்குத்தான்.

ஒரே செய்தியை நான்கு இடத்தில் பார்த்தேன், ஆகவே உண்மை என்று உங்கள் இளைஞர்கள் சொல்வார்கள். நான்கு வாயா, ஒரே வாயின் நான்கு எதிரொலியா என்று கேளுங்கள். 2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஈராக் அணுகுண்டு செய்வதற்காக அலுமினியக் குழாய்களை வாங்க முயன்றதாக நியூயோர்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் எழுதியது. தகவல் கொடுத்தவர்கள் பெயர் குறிப்பிடாத அரச அதிகாரிகள். அதே காலையில் துணை ஜனாதிபதி டிக் செய்னி தொலைக்காட்சியில் தோன்றி, பாருங்கள், இன்றைய பத்திரிகையிலேயே வந்திருக்கிறது என்ற தோரணையில் அதையே ஆதாரமாகக் காட்டினார். அரசு தன் காதில் தானே ஓதி, கேட்டீர்களா என்று ஊரைப் பார்த்தது. குழாய்கள் சாதாரண ரொக்கெட்டுக்கானவை என்று பின்னால் முடிவானது. பேரழிவு ஆயுதக் குவியல் எதுவும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் நைட் ரிடர் என்ற செய்திச் சேவையின் நிருபர்கள் மட்டும் அமைச்சர்களை விட்டுவிட்டுக் கீழ்மட்டத்து நிபுணர்களையும் உளவுத்துறை அலுவலர்களையும் தேடிப் போனார்கள். அவர்கள் சந்தேகத்தோடு எழுதியது பெரும்பாலும் சரியாக இருந்தது. நாற்காலி உயர உயரப் பார்வை தெளியும் என்று ஒரு விதியும் இல்லை.

இதையெல்லாம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதும் இல்லை. தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டு ஐயா அப்படிக் கேட்பவர். பெடல் சுற்றுவது என் வேலை. கொழும்பு வானொலி ஒரு எண்ணிக்கை சொல்லும், புலிகளின் குரல் வேறொன்று சொல்லும், இரவு 9.15க்கு பி.பி.சி. தமிழோசை இரண்டையும் சொல்லும். ஐயா மூன்றையும் நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவைப்பார். அன்றைக்கு யாரையும் நம்பமாட்டார். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தாளைத் திருப்பிப் பார்த்து, யார் எந்தப் பக்கம் எவ்வளவு கூட்டுவார், எவ்வளவு குறைப்பார் என்று கணக்குப் பார்ப்பார். கடைக்காரரின் தராசு எத்தனை அவுன்ஸ் தின்னும் என்று தெரிந்துவைத்திருப்பதைப் போன்றது அது. உங்கள் பலகைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியைக் கட்டித் தொங்கவிடுங்கள். திகதி, சொன்னவர், சொன்ன எண். ஒரு மாதம் கழித்து அந்தக் கொப்பி உங்களுக்குச் சொல்வதை எந்த நிபுணரும் சொல்லமாட்டார்.

எண்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 2009 தொடக்கத்தில் வன்னிக்குள் ஏறத்தாழ 70,000 பேரே இருக்கிறார்கள் என்று அரசு சொன்னது. மே மாதம் எல்லாம் முடிந்தபோது முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 2 இலட்சத்து 80 ஆயிரம் அளவில். இறந்தவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. பிழையான எண் எத்தனை மூட்டை அரிசி போக வேண்டும், எத்தனை பெட்டி மருந்து போக வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது. அதே மாதங்களில் மக்கள் தாமாகவே எங்களோடு நிற்கிறார்கள் என்று புலிகள் சொன்னார்கள். வெளியேற முயன்றவர்கள் மீது அவர்கள் சுட்டதை ஐ.நா. நிபுணர் குழு பதிவு செய்திருக்கிறது. முதற் பொய்யைச் சொல்லிச் சொல்லி நமக்கு வாய் வலித்துவிட்டது. இரண்டாவதைப் பற்றி வாசிகசாலைகளில் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறோம். உங்கள் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்க இதைவிடக் கடினமான பாடம் என்னிடம் இல்லை: மறுபக்கத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கப் பயிற்சியே தேவையில்லை.

பெயர்களையும் கவனியுங்கள். 1995 யூலையில் வந்தது இராணுவத்தின் "முன்னேறிப் பாய்தல்". அதற்குப் புலிகளின் பதில் "புலிப்பாய்ச்சல்". ஒக்டோபரில் இராணுவத்தின் "ரிவிரெச", அதாவது சூரியக்கதிர். 1997இல் "ஜயசிக்குறு", வெற்றி நிச்சயம். ஒன்றரை ஆண்டு இழுபட்டு, யாழ்ப்பாணத்துக்கான பாதை திறக்காமலே கைவிடப்பட்டது. கொழும்பு தன் நடவடிக்கைகள் எல்லாவற்றையும் சேர்த்துச் "சமாதானத்துக்கான யுத்தம்" என்றது. 2022இல் உக்ரைனுக்குள் நுழைந்த ரஷ்யா அதைப் போர் என்று சொல்லாமல் "சிறப்பு இராணுவ நடவடிக்கை" என்றது. படையைப் பற்றிப் "பொய்ச் செய்தி" பரப்பினால் பதினைந்து ஆண்டு வரை சிறை என்று சட்டமும் கொண்டுவந்தது. பலகையில் இந்தப் பட்டப்பெயர்கள் வேண்டாம். இடமும் திகதியும் போதும். "பலி" என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். அது தெய்வத்துக்குக் கொடுப்பது. அதில் இறந்தவர் இருக்கிறார், கொன்றவர் இல்லை. விமானம் குண்டு போட்டதில் இறந்தார்கள் என்று தெரிந்தால் அப்படியே எழுதுங்கள்.

செய்தி சொன்னவர் மீது யாருக்காவது கோபம் வந்திருந்தால் அதையும் ஒரு துண்டில் குறியுங்கள். 1995 யூலை 9இல் நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது விமானப்படை குண்டு வீசியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செஞ்சிலுவைக் குழு அதை அறிவித்தது. கொழும்பில் விசாரணைக்கு முந்தி வந்தது அந்த அறிவிப்பின் மீதான கண்டனம்.

காணொளிகளுக்கு வருவோம், இது சுலபமான பகுதி, பலர் இதுமட்டும்தான் வேலை என்று நினைக்கிறார்கள். காணொளியை நிறுத்தி, ஒரு காட்சியைத் திரைப்பதிவு எடுத்து, கூகுள் லென்ஸில் போடுங்கள். நேற்றைய தாக்குதல் என்று வந்தது நான்கு வருடத்துக்கு முன்பே வேறு நாட்டின் பெயரோடு உலவியிருக்கலாம். இரவு வானில் ஒளிக்கோடுகள் பறக்கும் காட்சி என்றால் கூடுதலாகச் சந்தேகியுங்கள். ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் உண்மைப் போராகப் பரவியதால், அதைத் தயாரித்த நிறுவனமே 2022இல் விளக்க அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. உங்களிடம் வரும் இளைஞர்களில் அந்த விளையாட்டை ஆடியவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரே உங்கள் நிபுணர். செயற்கை நுண்ணறிவில் செய்த காட்சிகளைக் கண்ணால் மட்டும் பிடிப்பது நாளுக்கு நாள் கடினமாகிறது. அங்கேயும் முதலில் வெளியிட்டவர் யார் என்ற பழைய கேள்விதான் உதவும்.

இன்னொன்று, ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அசுவத்தாமன் இறந்தான் என்று தருமர் உரக்கச் சொன்னார், யானை என்பதை மெல்லச் சொன்னார், அந்த நேரம் பார்த்துச் சங்கு முழங்கியது. துரோணர் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டார். இன்றைய காணொளியில் பின்னணி இசைதான் சங்கு. அதை நீக்கினால் பல காணொளிகளில் புகையும் நடுங்கும் கமராவும் மட்டுமே மிஞ்சும்.

பேசாமல் இருக்கும் அந்த இருவருக்கும் வேலை கொடுங்கள். ஆளுக்கு வாரம் ஒரு துண்டு, ஆனால் தான் ஆதரிக்கும் பக்கம் சொன்ன தவறான செய்தி ஒன்றை மட்டுமே கொண்டுவர வேண்டும். முதல் வாரம் இருவரும் வெறுங்கையோடு வருவார்கள். பொறுத்திருங்கள்.

நீங்களும் ஒரு நாள் தவறாக ஒட்டுவீர்கள். நியூயோர்க் டைம்ஸ் தன் ஈராக் செய்திகளில் குறை இருந்ததாக 2004 மே 26இல் ஒப்புக்கொண்டது. குழாய்க் கதை வந்தது முதல் பக்கத்தில். இந்த ஒப்புதல் வந்தது உள்ளே, பத்தாம் பக்கத்தில். ஆகவே தவறான துண்டைக் கிழித்து எறியாதீர்கள். அது அங்கேயே இருக்கட்டும். திருத்தத்தை அதன் மேல், அதே அளவு தாளில், சிவப்புப் பேனையால் எழுதிக் குத்துங்கள். குண்டூசி வாங்கும்போது ஒரு பெட்டி கூடுதலாகவே வாங்குங்கள்.