மண் இயக்கவியலுக்கு முதல் நூலாக எதை வாங்குவது?

அன்புள்ள தம்பிக்கு,

முதுகலைப் படிப்புக்காக வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது என்றும், பாடத்திட்டத்தில் நான்கு நூல்களின் பெயரைப் போட்டு "இவற்றில் ஏதேனும் ஒன்று" என்று மட்டும் குறித்திருக்கிறார்கள் என்றும், பெட்டியில் கொண்டு வந்த பழைய மண் இயக்கவியல் நூல் இங்கே பயன்படுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஏறக்குறைய இதே கேள்வியோடுதான் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் வந்திறங்கினேன். கேட்பதற்கு ஆள் இல்லாததால் மூன்று நூல்களை வாங்கினேன். மூன்றிலும் முதல் நான்கைந்து அத்தியாயங்களைப் படித்து, எதையும் முடிக்காமலே முதல் பருவத்தைக் கடத்தினேன். அறிமுக அத்தியாயங்கள் எல்லா நூல்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், மூன்று முறை சல்லடைப் பகுப்பாய்வு (மண்துகள்களை அளவுவாரியாகப் பிரிப்பது) படித்தவனாகவும் வெட்டு வலிமையை (மண் சறுக்கி முறியாமல் தாங்கும் திறனை) ஒரு முறைகூட ஒழுங்காகப் படிக்காதவனாகவும் தேர்வுக்குப் போனேன். ஆகவே ஒரே ஒரு நூலை வாங்குங்கள், அதைக் கடைசிப் பக்கம் வரை கணக்குகளோடு முடியுங்கள் என்பதே என் பதில். எந்த நூல் என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

அதை முடிவு செய்ய முன்னுரையையும் அட்டையையும் பார்க்க வேண்டாம். நூலகத்தில் நான்கு நூல்களையும் மேசையில் வைத்து, பயனுறு தகைவு பற்றிய அத்தியாயத்தை மட்டும் திறந்து படியுங்கள். மண்ணின் மொத்தத் தகைவிலிருந்து (ஒரு பரப்பலகின் மேல் வரும் விசை) துளைநீர் அழுத்தத்தை (துகள்களின் இடைவெளியிலுள்ள நீரின் அழுத்தம்) கழித்தால் கிடைப்பதே மண்துகள்கள் தாங்கும் பங்கு, அதாவது பயனுறு தகைவு, என்பதும், மண்ணின் இறுக்கமும் வலிமையும் அந்தப் பங்கையே சார்ந்தவை என்பதும் மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் டெர்சாகி வகுத்த கொள்கை. அவருடைய முதல் பெருநூல் 1925இல் வியன்னாவில் வெளிவந்ததிலிருந்து இத்துறை அதன் மேல்தான் நிற்கிறது. கழித்தல் கணக்கு என்பதால் இதை ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டு நகரும் நூல்களும் உண்டு, பல பக்கங்கள் செலவழித்து மாணவரின் உள்ளுணர்வைத் திருத்தும் நூல்களும் உண்டு.

திருத்துகிறதா என்பதை அறிய நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. ஓர் ஏரியின் நீர்மட்டம் பத்து மீட்டர் உயர்ந்தால் அடியிலுள்ள களிமண் அதனால் அமிழுமா? மொத்தத் தகைவு சுமார் 98 கிலோபாஸ்கல் கூடுகிறது; துளைநீர் அழுத்தமும் காலப்போக்கில் அதே அளவு கூடிவிடுகிறது; பயனுறு தகைவு மாறாததால் களிமண் அமிழ்வதில்லை. மாறாக, நிலத்தடி நீரை இறைத்து மட்டத்தை மூன்று மீட்டர் தாழ்த்தினால், மேலே புதிதாக ஒரு செங்கல்கூட வைக்காத நிலையிலும், கீழுள்ள களிமண்ணின் பயனுறு தகைவு ஏறத்தாழ 29 கிலோபாஸ்கல் வரை கூடி நிலம் அமிழத் தொடங்குகிறது. இந்த இரண்டு சூழல்களையும் அருகருகே வைத்து மாணவரையே கணக்கிட வைக்கும் நூலை நம்பலாம். நம்மில் பலர் இளங்கலையில் சூத்திரத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள். முதல் கேள்விக்கு நானே "அமிழும்" என்றுதான் விடை சொன்னேன்.

அடுத்ததாக, புதிதாக வருபவரை இடறவைப்பது பெரும்பாலும் கருத்து அல்ல, குறியீடு. எல்லா நூல்களும் ஒரே மொழி பேசுவதாக நினைத்துத்தான் நான் மாட்டிக்கொண்டேன். மண் மாதிரியைச் சுற்றிலும் அழுத்தி, மேலிருந்து முறியும்வரை அமுக்கும் மூவச்சுச் சோதனை என்னும் டிரையாக்சியல் சோதனையின் முடிவுகளை வரைய, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மரபில் பெரிய, சிறிய முதன்மைத் தகைவுகளின் கூட்டுத்தொகையில் பாதியைப் 'பி' என்றும், வேறுபாட்டில் பாதியைக் 'கியூ' என்றும் குறித்தார்கள். கேம்பிரிட்ஜ் மரபில் அதே 'பி' மூன்று முதன்மைத் தகைவுகளின் சராசரி. அதே 'கியூ' முழு வேறுபாடு. எழுத்து ஒன்று, பொருள் வேறு. உராய்வுக் கோணம் 30 பாகையும் ஒட்டுத்திறன் சுழியமும் உள்ள மண்ணுக்கு, அமுக்கச் சோதனையில் முறிவுக்கோட்டின் சரிவு முதல் மரபில் 0.5 (அந்தக் கோணத்தின் சைன்), இரண்டாவதில் 1.2. ஒரு நூலிலிருந்து வரைபடத்தையும் மற்றொன்றிலிருந்து சூத்திரத்தையும் எடுத்த நான், 1.2க்கு எதிர்ச்சைன் கண்டுபிடிக்க முயன்று, கணிப்பான் பிழை காட்டுவதை அரைமணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணிப்பானுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். சரிவு ஒன்றுக்குக் குறைவாக வந்திருந்தால் தவறான கோணத்தோடு அறிக்கையைக் கொடுத்திருப்பேன். இறுகல் (சுமையால் நீர் வெளியேறி மண் அமுங்குவது) கணக்கிலும் இதே கதைதான்: அமுக்கக் குறியெண் பத்தடி மடக்கையில் வரையறுக்கப்படுகிறது, கேம்பிரிட்ஜ் மரபின் 'லாம்டா' இயல் மடக்கையில், இரண்டுக்கும் இடையே 2.303 மடங்கு வேறுபாடு.

ஆய்வகத்துக்குள் நுழைந்தால் வேறுபாடு இன்னும் கண்கூடாகத் தெரியும். நீர்ம எல்லையை, அதாவது மண் நீர்மம்போல் ஓடத் தொடங்கும் நீரளவை, அமெரிக்க முறையில் காசாகிராண்டே கிண்ணத்தை 25 முறை தட்டும்போது மண்ணில் கீறிய பள்ளம் மூடும் நீரளவாகக் காண்கிறார்கள். பிரித்தானிய முறையில் 80 கிராம் எடையும் 30 பாகைக் கோணமும் உள்ள கூம்பு 20 மில்லிமீட்டர் இறங்கும் நீரளவைக் கொள்கிறார்கள். மூன்று மில்லிமீட்டர் துகள் அமெரிக்க வகைப்பாட்டில் மணல், ஏனென்றால் அங்கே சரளை 4.75 மில்லிமீட்டரில்தான் தொடங்குகிறது. எல்லையை 2 மில்லிமீட்டரில் வைக்கும் பிரித்தானிய வகைப்பாட்டில் அதுவே சரளை. ஆகவே உங்கள் துறையின் ஆய்வகம் எந்த முறையைப் பின்பற்றுகிறதோ அந்த முறையில் எழுதப்பட்ட நூலையே முதல் நூலாக வாங்குங்கள். ஆய்வக உதவியாளரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், இங்கே அது அறியாமையாகக் கருதப்படுவதில்லை. அலகுகளையும் அப்போதே பாருங்கள்: கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் என்று நாம் எழுதும் மண், அடி-பவுண்டில் எழுதும் நூலில் கன அடிக்குச் சுமார் 115 பவுண்டு என்று வரும்.

இனி பெயர்கள். பிரஜா தாஸ் எழுதிய நூல் தீர்த்த கணக்குகளுக்குப் பேர்போனது. விடைகளோடு பயில்வதற்கு அதைவிட வசதியானதை நான் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தலைப்பிலும் பல ஆய்வாளர்களின் தொடர்புச் சமன்பாடுகளை வரிசையாக அடுக்குவதால், எதை எப்போது நம்புவது என்ற தீர்ப்பு புதியவருக்கு எளிதில் வராது. ஹோல்ட்ஸும் கோவாக்சும் 1981இல் எழுதிய நூல் மண்ணின் இயல்பு, வகைப்பாடு, இறுகல், வெட்டு வலிமை ஆகியவற்றைப் பொறுமையாக, பேசுவது போல விளக்குகிறது. அமெரிக்க முறை பின்பற்றப்படும் இடமானால் என் தேர்வு அதுதான். அதன் முதல் பதிப்பு வெட்டு வலிமையோடு நின்றுவிடுவதால், அடித்தள வடிவமைப்புக்கு வேறு நூலைத் தேட வேண்டியிருக்கும். பிரித்தானிய முறையானால் கிரெய்க்கின் நூல்: 1974இல் வந்தது, பின்னர் நாப்பெட் அதைப் புதுப்பித்தார். சுருக்கமாக எழுதப்பட்டது, ஒரு பத்தியைத் தவறவிட்டால் அடுத்தது புரியாது என்பதே அதன் குணமும் குறையும். நெதர்லாந்துப் பேராசிரியர் வெருய்ட்டின் மண் இயக்கவியல் நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கையில் பணம் குறைவாக இருக்கும் முதல் மாதங்களில் அதைக் கொண்டே தொடங்கலாம். லாம்பும் விட்மனும் 1969இல் எழுதியதையும், டெர்சாகியும் பெக்கும் 1948இல் எழுதியதையும் இப்போது வாங்காதீர்கள். இரண்டும் சிறந்தவை, ஆனால் களத்தில் ஓராண்டு நின்ற பிறகு படிக்கும்போதுதான் அவற்றின் சுவை தெரியும்.

பழைய பதிப்பு போதுமா என்பதற்கு இரண்டு விடைகள் உண்டு. நீர்க்கசிவு, இறுகல், வெட்டு வலிமை ஆகியவற்றுக்கு முந்தைய பதிப்பு தாராளமாகப் போதும்; வீட்டுப்பாடக் கணக்குகளின் எண்கள் மாறியிருக்கும், அதை வகுப்புத் தோழரிடம் சரிபார்த்துக்கொண்டால் தீர்ந்தது. வடிவமைப்பு அத்தியாயங்களுக்கு அது பொருந்தாது. பழைய நூல்கள் தாங்குதிறனை மூன்று போன்ற ஒற்றைப் பாதுகாப்புக் காரணியால் வகுத்துவிடும். 2004ஆம் ஆண்டின் யூரோகோடு 7 (மண்சார் வடிவமைப்புக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பு) சுமைக்கும் மண் வலிமைக்கும் தனித்தனிப் பகுதிக் காரணிகளை இடுகிறது, சில சேர்க்கைகளில் உராய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட்டை 1.25ஆல் வகுக்கச் சொல்கிறது. இந்த இரண்டையும் கலந்தால் பாதுகாப்பை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள், அல்லது ஒரு முறையும் எண்ணாமல் விட்டுவிடுவீர்கள்.

பெட்டியில் உள்ள பழைய நூலைத் தூக்கிப்போட வேண்டாம். அதிலுள்ள மண் புதியதற்கு எந்த வகையிலும் குறைந்தது அல்ல, வரையறைகள்தான் வேறு. நான் செய்ததைச் சொல்கிறேன்: புதிய நூலின் முதல் வெற்றுத்தாளில் ஒரு கோடு கிழித்து, இடப்புறம் பழைய நூலின் குறியீடுகளையும் வலப்புறம் புதிய நூலின் குறியீடுகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் வரையறையைத் தமிழில் ஒரு வரியாக எழுதி வைத்தேன். அந்தத் தாளை நிரப்ப இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. அதன் நைந்த நகல் இன்னும் என் அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கிறது. தாள் நிரம்பியதும் பழைய நூலில் நீங்கள் முன்பு தீர்த்த பத்து இறுகல் கணக்குகளைப் புதிய குறியீட்டில் மறுபடி செய்து பாருங்கள். விடை தெரிந்த கணக்குகள் என்பதால், எங்கே வழுக்குகிறீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.