கண்ணில் பட்டதும் என்ன செய்வது? வாசகர் கேள்விகளும் கண் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: அம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் இருந்த சுண்ணாம்புப் பாக்கெட்டை என் மூன்று வயது மகன் அழுத்தியதில், சுண்ணாம்பு கண்ணில் பீச்சியடித்துவிட்டது. துடைத்துவிட்டு உடனே ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடினோம். செய்தது சரியா?

ஓடியது சரி. ஆனால் அதற்கு முன் வீட்டுக் குழாயடியிலேயே கழுவியிருக்க வேண்டும். சுண்ணாம்பு ஒரு காரப் பொருள். அமிலம் பட்டால் கண்ணின் மேற்பரப்பில் உள்ள புரதம் திரண்டு, அதுவே ஓரளவு தடுப்பாக நிற்கும். காரமோ திசுக்களின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு சில நிமிடங்களில் உள்ளே இறங்கிவிடும். ஆகவே குழந்தையின் தலையை, பாதித்த கண் கீழ்ப்பக்கம் வரும்படி சாய்த்து, இமைகளை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு, அவன் எவ்வளவு அழுதாலும், குறைந்தது அரை மணி நேரம் சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காரத்தை முறிப்பதாக நினைத்து எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ விட்டுவிடாதீர்கள். கழுவிய பிறகும் மேல் இமையின் உட்புறம் சுண்ணாம்புத் துகள் ஒட்டியிருக்கும் என்பதால், இமையைப் புரட்டி அதை எடுப்பதற்கு மருத்துவர் தேவை.

கண் சிவக்கவில்லையே என்று ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். கருவிழியைச் சுற்றியுள்ள விளிம்பு பீங்கான் போல் வெளுத்துத் தெரிந்தால், அங்குள்ள இரத்தக் குழாய்கள் அடைபட்டுவிட்டன என்று பொருள். கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் மூல உயிரணுக்கள் இருப்பதும் அந்த விளிம்பில்தான்.

கேள்வி: கதிரடிக்கும்போது நெல் தூசி கண்ணில் விழுந்தது. மருந்துக் கடையில் கொடுத்த சொட்டு மருந்தில் இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. இப்போது கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறது.

இதைப் படித்ததும் புறப்படுங்கள். நாளை வரை காத்திருக்க வேண்டாம். நெல்லின் சுணையும் உமியும் கருவிழியில் சிறு கீறலை உண்டாக்கும்போது, அவற்றோடு பூஞ்சையும் உள்ளே போய்விடுகிறது. பூஞ்சைப் புண் மெதுவாக வளரும். சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில், ஓரங்கள் இறகு போல் பிசிறாகத் தெரியும். நீங்கள் விட்டுக்கொண்ட மருந்தின் குப்பியில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசொலோன் என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இவை ஸ்டீராய்டு மருந்துகள். சிவப்பையும் வலியையும் அடக்கிவிட்டு, அந்த மறைவில் பூஞ்சை ஆழமாகப் பரவ இவை இடம் கொடுக்கின்றன. குப்பியைத் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவமனையில் புண்ணிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், பூஞ்சை இழைகள் அன்றே தெரிந்துவிடும். பெரும்பாலும் 5 சதவீத நாட்டாமைசின் சொட்டு மருந்தைத் தொடக்கத்தில் மணிக்கு ஒரு முறை விடச் சொல்வார்கள். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், புதிய மருந்தான வோரிகோனசோலைவிட இந்தப் பழைய மருந்தே நல்ல பலன் தந்தது. குணமாகப் பல வாரங்கள் ஆகும். நடுவில் நிறுத்தக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு ஆகியவற்றை அன்போடு விடச் சொல்பவர்கள் இருப்பார்கள். தயவுசெய்து அவற்றை மறுத்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் எல்லோருக்கும் மெட்ராஸ் ஐ. ஒரே மருந்தை அனைவரும் விடலாமா?

கூடாது, குப்பியின் முனை வழியாகவும் தொற்று பரவும். இது பெரும்பாலும் அடினோ வைரசால் வருவது. ஒன்றிரண்டு வாரங்களில் தானாகவே அடங்கும். துண்டையும் தலையணையையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு கைகளை அடிக்கடி கழுவினால் போதும். பார்வை மங்கினாலோ வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ மட்டும் மருத்துவரிடம் வாருங்கள்.

கேள்வி: ஒன்பது வயது மகனுக்குக் கோடை வந்தாலே கண் அரிப்பு. பழைய சீட்டைக் காட்டி மூன்று வருடமாக அதே மருந்தை வாங்குகிறோம். தொடரலாமா?

அது ஸ்டீராய்டு மருந்தாக இருந்தால், அவனுடைய கண் அழுத்தத்தை இந்த வாரமே அளந்து பார்க்க வேண்டும். பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்க வேண்டிய அழுத்தம், சில குழந்தைகளுக்கு இம்மருந்தால் வலியே இல்லாமல் ஏறிவிடும். அதனால் பார்வை நரம்பில் ஏற்படும் இழப்பை எந்த அறுவை சிகிச்சையாலும் மீட்க முடியாது. ஒவ்வாமை அரிப்புக்கு ஓலோபட்டடின் சொட்டு மருந்தும், கடுமையானால் டாக்ரோலிமஸ் களிம்பும் உள்ளன. எதை, எவ்வளவு காலம் என்பதைப் பரிசோதித்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

கேள்வி: வெல்டிங் பட்டறையில் வேலை. சில இரவுகளில் கண்ணில் மணல் கொட்டியது போல் வலிக்கிறது.

வெல்டிங் ஒளியின் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. சில மணி நேரம் கழித்தே வலி தொடங்கும், ஓரிரு நாளில் ஆறும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அது புண்ணை ஆறவிடாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது, சுத்தியலால் இரும்பை அடிக்கும்போது தெறிக்கும் சில்லு. வலி குறைவாக இருந்தாலும் அது கண்ணுக்குள்ளேயே புகுந்திருக்கக்கூடும். அப்படிச் சந்தேகம் வந்தால் தண்ணீர் ஊற்றவோ கசக்கவோ அழுத்திக் கட்டவோ கூடாது. கண்ணின் மேல் படாதபடி ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு உடனே செல்லுங்கள். இரும்பு தெறித்தது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் எடுக்கலாம், எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் அந்தச் சில்லை நகர்த்திவிடும் என்பதால் அதை எடுக்கவே கூடாது.